பாஸ்டன் நகரத்து நோயாளிக் குறிப்பேடுகள்

ஆஸ்பத்திரியில் ஒரு நாளேனும் படுத்து எழுந்தவர்களுக்குக் 'கேஸ் ஷீட்' என்ற சொல்லை விளக்க வேண்டுவதில்லை. கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையும் அதில் செருகிய தாள்களும் நம் கண்ணுக்குப் பழகிய காட்சிகள். இன்று பல இடங்களில் அத்தாள்கள் கணினித் திரைக்குள் புகுந்துவிட்டன. தாளாயினும் திரையாயினும், அக்குறிப்பேட்டைப் பற்றி எழும் வழக்கு ஒன்றே: அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு? சிகிச்சை முறையாக நடந்ததா என்று தணிக்கை செய்ய வருபவர், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்கிறார். நோயாளியோ, என் நோயை ஊரறியச் செய்யாதீர்கள் என்கிறார். இருவர் சொல்வதும் நியாயமே. இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதுமிடத்தில் தீர்ப்புச் சொல்வது அரிது.

இம்மோதலின் கதையை அறிய உலகம் முழுவதையும் சுற்றிவர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரமும், சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கேம்பிரிட்ஜும் போதும். அந்தரங்கம் என்பது மனிதனுடைய உரிமை என்ற வாதமும், மருத்துவரின் வேலையைக் குறிப்பேட்டைக் கொண்டு அளக்க வேண்டும் என்ற வாதமும் இருபது ஆண்டு இடைவெளியில் அந்த ஒரே வட்டாரத்தில் தோன்றி வளர்ந்தன.

முதலாவது வாதம் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்தது. சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற பாஸ்டன் வழக்கறிஞர் இருவர், ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அவர்களுக்கு அன்று கவலை தந்தவை ஆஸ்பத்திரிகள் அல்ல. வம்பு எழுதும் பத்திரிகைகளும், கண நேரத்தில் படம் பிடிக்கும் புதிய காமிராக்களுமே. ஆயினும் அக்கட்டுரை ஒரு பெரிய மாற்றத்துக்கு வித்திட்டது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அதுவரை மருத்துவர் ஏற்றுக்கொண்ட கடமையாக இருந்தது; கிரேக்க நாட்டு இப்போகிரதேசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே அது உண்டு. கடமை என்பது கொடுப்பவன் கையில் இருப்பது. உரிமை என்றாகிவிட்டால் பெறுபவனே எழுந்து கேட்கலாம். பிராண்டைஸ் பின்னர், 1916-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

இரண்டாவது வாதத்தின் தந்தை எர்னஸ்ட் அமோரி காட்மன். 1869-இல் பாஸ்டனில் பிறந்து, ஹார்வர்டில் மருத்துவம் பயின்று, மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். ஈதரைக் கொடுத்து வலியின்றி அறுவை செய்யலாம் என்பதை 1846-இல் உலகறியக் காட்டிய மருத்துவமனை அது. மாணவராக இருந்த காலத்தில் காட்மனும், பின்னாளில் மூளை அறுவையில் பெரும் புகழ் பெற்ற ஹார்வி குஷிங்கும் அங்கே நோயாளிகளுக்கு ஈதர் கொடுக்கும் வேலையைச் செய்தனர். யார் கையில் நோயாளி நலமாக விழித்தெழுகிறார் என்பதில் இருவருக்கும் ஒரு விருந்துச் சாப்பாடு பந்தயம். பந்தயத்தைத் தீர்க்கக் கணக்கு வேண்டும் அன்றோ? அறுவை நடக்கும்போதே நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் அவ்வப்போது தாளில் குறித்து வைத்தனர். 1894-இல் தொடங்கிய அந்தத் தாள்களே, மயக்க மருந்து கொடுப்பவர் இன்றுவரை எழுதிவரும் குறிப்பேட்டுக்கு முன்னோடி. இளைஞர் இருவரின் விளையாட்டுப் போட்டி எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

காட்மனின் பிற்கால எண்ணமும் இந்தப் பந்தயத்தின் வளர்ச்சியே. 1910-ஆம் ஆண்டளவில் அவர் அதற்கு 'முடிவுப் பயன்' என்று பெயரிட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு. அதில் நோயாளி சொன்ன குறைகள், மருத்துவர் கண்ட நோய், செய்த சிகிச்சை, நேர்ந்த சிக்கல், ஓராண்டுக்குப் பிறகு அவர் இருக்கும் நிலை ஆகியவை எழுதப்பெறும். சிகிச்சை பயன் தரவில்லையானால் ஏன் தரவில்லை என்றும் எழுத வேண்டும். இதைக் கேட்கும்போது நமக்கு எளிய காரியமாகத் தோன்றுகிறது. அன்றைய மருத்துவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளி வீட்டுக்குப் போனால் மருத்துவரின் கணக்கு முடிந்தது என்பதே வழக்கம். தோல்வியை யார் கையெழுத்திட்டு எழுதி வைப்பார்?

காட்மன் எழுதி வைத்தார். 1911-இல் பாஸ்டனிலேயே சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். 1916 வரையில் அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்கள் விஷயத்தில் 123 பிழைகள் நேர்ந்தன என்று அவரே கணக்கிட்டு, அறிவுக் குறைவால் நேர்ந்தவை, தவறான முடிவால் நேர்ந்தவை, கவனக் குறைவால் நேர்ந்தவை எனப் பிரித்து அச்சிட்டார். வணிகன் தன் நஷ்டக் கணக்கைக் கடைத்தெருவில் ஒட்டிவைத்தது போன்ற செயல் அது.

துணிவு மிகுந்தவருக்குச் சாதுரியம் குறைவாக இருப்பதுண்டு. ஜெனரல் மருத்துவமனையில் பதவி உயர்வு, வேலைத் திறத்தைப் பார்த்தல்ல, பணிக்கால மூப்பைப் பார்த்தே கிடைத்து வந்தது. அதைக் கண்டித்து 1914-இல் அவர் விலகினார். விலகல் ஏற்கப்பட்ட கையோடு, தம் சிகிச்சையின் முடிவுகள் பிறருடையவற்றைவிட மேலானவை ஆதலின் தம்மையே தலைமை அறுவை மருத்துவராக அமர்த்த வேண்டும் என்று விண்ணப்பமும் செய்தார்! அடுத்த ஆண்டு, 1915 ஜனவரியில், பாஸ்டன் மருத்துவ நூலகத்தில் ஒரு கூட்டம் கூட்டி, பெரிய கேலிச் சித்திரம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார். மணலில் தலையைப் புதைத்துக்கொண்ட நெருப்புக்கோழி, பின்னால் நிற்கும் மருத்துவர்களை நோக்கிப் பொன் முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. நெருப்புக்கோழி, நகரின் செல்வந்தர் வாழும் பகுதியின் மக்கள். மருத்துவர் யார் யார் என்று அவையிலிருந்தோர்க்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருத்துவச் சங்கத்தில் வகித்த பதவி போயிற்று. ஹார்வர்டில் இருந்த ஆசிரியர் வேலையும் போயிற்று.

ஆனால் எண்ணம் போகவில்லை. 1913-இல் நிறுவப்பெற்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, 1917-இல் மருத்துவமனைகளுக்குரிய குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. ஒரே பக்கத்தில் அடங்கிய அவ்விதிகளுள், ஒவ்வொரு நோயாளிக்கும் துல்லியமும் முழுமையும் உடைய குறிப்பேடு இருக்க வேண்டும் என்பது ஒன்று. பிறகு, நூறு படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள 692 மருத்துவமனைகளை ஆட்களை அனுப்பிப் பார்வையிட்டது. தேறியவை 89. எஞ்சியவற்றுள் நாடறிந்த பெருமை வாய்ந்த மருத்துவமனைகளும் இருந்தன. 1919 அக்டோபரில் நியூயார்க் நகரத்து வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கூடிய மாநாட்டில் எண்ணிக்கையை மட்டும் அறிவித்தார்கள். பெயர்ப் பட்டியல் பத்திரிகையாளர் கையில் சிக்கிவிடக்கூடாது என்று, அன்றிரவே அதை அவ்வோட்டலின் உலையில் இட்டு எரித்துவிட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது நான் நெடுநேரம் சிந்தித்தேன். எரிந்தது எவருடைய அந்தரங்கம்? எந்த நோயாளியின் பெயரும் அப்பட்டியலில் இல்லை. மருத்துவமனைகளின் மானமே அங்கே காக்கப்பட்டது. இரகசியம் என்ற பெயரில் நோயாளியும் ஒதுங்கலாம், அவருக்குச் சிகிச்சை செய்தவரும் ஒதுங்கலாம். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இதனை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காட்மன் 1940-இல் காலமானார். கேம்பிரிட்ஜில் உள்ள மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் அவர் அடங்கிய இடத்தில் கல்லொன்றும் நடப்படவில்லை. 2014-இல்தான் மருத்துவர்கள் சேர்ந்து ஒரு கல்லை எடுப்பித்தார்கள்.

குறிப்பேடு எழுதவேண்டும் என்று விதி செய்தாயிற்று. அதைக் காப்பவர் யார்? ஜெனரல் மருத்துவமனையிலேயே கிரேஸ் ஒயிட்டிங் மையர்ஸ் என்ற அம்மையார், நூலகத்தையும் குறிப்பேடுகளையும் பல ஆண்டுகள் ஆண்டுவந்தார். 1928-இல் குறிப்பேட்டுக் காப்பாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தபோது அவரே முதல் தலைவரானார். தாள் கட்டுகளின் காலத்தில் அந்தரங்கத்துக்குப் பெரிய காவல், சட்டத்தைவிட இத்தகையோரின் கண்டிப்பும், அவ்வறையின் பூட்டுமே என்பேன். குறிப்பேட்டை எடுக்க வேண்டுமாயின் ஒருவர் நேரில் வந்து கேட்டாக வேண்டும். கேட்பவர் முகத்தைக் காப்பாளர் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்கு அஞ்சியே பலர் வம்புக்காகக் கேட்காமல் இருந்திருப்பார்கள்.

கணினி வந்தபின் அந்தப் பார்வை மறைந்தது. இங்கும் அதே மருத்துவமனை முன் நிற்கிறது. 1960-களில் ஆக்டோ பார்னெட் என்ற மருத்துவர் அங்கே ஒரு கணினி ஆய்வுக்கூடத்தை நடத்தினார். நீல் பப்பலார்டோ முதலியோர் 'மம்ப்ஸ்' என்ற கணினி மொழியை அங்கே உருவாக்கினர். அம்மொழியின் பெயரின் முதலெழுத்திலேயே அம்மருத்துவமனையின் பெயர் இருக்கிறது. அதன் வழிவந்த அமைப்புகள் இன்றும் அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றின் குறிப்பேடுகளைத் தாங்கி நிற்கின்றன. ஓர் அறையில் இருந்த குறிப்பேடு ஒரே நேரத்தில் நூறு மேசைகளில் திறக்கலாயிற்று. நள்ளிரவில் நினைவிழந்து வரும் நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதைக் கணத்தில் அறிய முடிந்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கணினிக் குறிப்பேட்டைப் பெயரை நீக்கிவிட்டு ஆராய்ச்சியாளருக்குக் கொடுத்தால் அந்தரங்கத்துக்குக் கேடில்லை என்று பலரும் நம்பினர். மாசசூசெட்ஸ் மாநில அரசின் ஊழியர்களுக்குக் காப்புறுதி ஏற்பாடு செய்யும் ஆணையம், அவ்வாறே ஊழியரும் குடும்பத்தாருமாகச் சுமார் 1,35,000 பேருடைய ஆஸ்பத்திரி விவரங்களைப் பெயரும் முகவரியும் நீக்கி வழங்கியது. அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் 1996 மே மாதத்தில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில் மயங்கி விழுந்தார். இன்ஃப்ளுவென்சா காய்ச்சல் என்று செய்தி வந்தது. கேம்பிரிட்ஜில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, 1997-இல் இதைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். ஆளுநர் கேம்பிரிட்ஜ்வாசி என்பது ஊரறிந்த செய்தி. 20 டாலர் கொடுத்து அவ்வூர் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதில் பெயர், முகவரி, அஞ்சல் குறியீட்டெண், பிறந்த நாள், ஆணா பெண்ணா என்ற விவரம் யாவும் இருந்தன. பெயர் நீக்கிய ஆஸ்பத்திரி விவரத்திலும் கடைசி மூன்றும் இருந்தன. ஆளுநருடைய பிறந்த நாளில் பிறந்தோர் பட்டியலில் ஆறு பேர். அவருள் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் வட்டத்தில் இருப்பவர் ஒருவரே. பூட்டிய பெட்டிக்குச் சாவி, பக்கத்துக் கடையில் விலைக்குக் கிடைத்த கதை இது.

ஆளுநர் மேடையில் விழுந்ததைப் பத்திரிகைகள் எழுதியதால்தான் இது எளிதாயிற்று. எல்லோரையும் இவ்வாறு கண்டுபிடிக்க முடியாது என்று பின்னர்ச் சிலர் மறுத்துரைத்தனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் சட்டம் செய்வோரின் கண்ணைத் திறந்ததில் அச்சோதனைக்குப் பெரும்பங்கு உண்டு. 'ஹிப்பா' என்று சுருக்கி வழங்கும் கூட்டாட்சிச் சட்டம் 1996 ஆகஸ்டில் பிறந்தது. வேலை மாறுவோர் காப்புறுதியை இழக்காமல் காப்பதே அதன் முதல் நோக்கம். அந்தரங்கத்துக்கு மூன்றாண்டுக்குள் தனியே சட்டம் செய்வதாகக் காங்கிரசு தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டு, கெடுவைத் தவறவிட்டது. ஆகவே சுகாதாரத் துறையே விதிகளை வகுத்து, 2003 ஏப்ரல் 14 முதல் யாவரும் பின்பற்ற வேண்டும் என்றது. அடையாளத்தை நீக்குவதென்றால் 18 வகைச் செய்திகளை நீக்க வேண்டும். பிறந்த நாளில் ஆண்டு மட்டும் நிற்கலாம். அஞ்சல் எண்ணில் முதல் மூன்று இலக்கம் மட்டும், அதுவும் அப்பகுதியில் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்தால்தான் நிற்கலாம். இக்கணக்குகளில் ஸ்வீனியின் சோதனை தந்த பாடத்தை நான் காண்கிறேன்.

இவ்வளவு நுட்பமான காவலும் எங்கே தவறிற்று என்றால், ஒரு ரப்பர் வளையத்தில். 2009 மார்ச் மாதம், ஜெனரல் மருத்துவமனை ஊழியர் ஒருவர், வார இறுதியில் வீட்டில் வைத்துப் பார்ப்பதற்காக எடுத்துச் சென்ற தாள்களைத் திரும்பக் கொண்டுவரும் வழியில், சுரங்க ரெயில் வண்டியில் விட்டுவிட்டு இறங்கினார். உறையில் இடப்படாமல் ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்த அத்தாள்களில் 192 நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. தொற்றுநோய்ப் பிரிவுக்கு வந்தவர்கள் அவர்கள். எய்ட்ஸ் நோயாளிகளும் அவர்களுள் இருந்தனர். தாள்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. 2011 பிப்ரவரியில் அம்மருத்துவமனை பத்து லட்சம் டாலர் செலுத்தவும், தன் நடைமுறைகளை மூன்றாண்டு மேற்பார்வையின் கீழ்த் திருத்திக்கொள்ளவும் இசைந்தது. பணம் பெரிதுதான். அந்த 192 பேருள் ஒருவராக என்னை நினைத்துப் பார்க்கிறேன். தம் வண்டியில் தினமும் எதிரே அமரும் முகங்களையெல்லாம் அவர் அதன்பின் எப்படிப் பார்த்திருப்பார்!

அதே ஆண்டு ஜூலையில், கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 8,65,500 டாலர் செலுத்த இசைந்தன. அங்கே குற்றச்சாட்டு வேறு விதம். புகழ் பெற்ற நோயாளிகளின் கணினிக் குறிப்பேடுகளை, சிகிச்சையோடு தொடர்பில்லாத ஊழியர்கள் ஆவலால் மீண்டும் மீண்டும் திறந்து பார்த்தனர் என்பதே அது. முன்னாள் காப்பாளரின் கண்ணுக்குத் தப்பியிராத காரியம்.

ஆனால் கணினி, பூட்டைத் தளர்த்தியதோடு நில்லாமல் ஒரு புதிய காவலையும் கொண்டுவந்தது. குறிப்பேட்டை எவர் திறந்தார், எந்த நாளில், எந்த நிமிஷத்தில், எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று அதுவே எழுதிக்கொள்கிறது. இத்தகைய பதிவை வைத்திருக்கவும் அவ்வப்போது ஆராயவும் வேண்டும் என்பது 2005 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி. காட்மன் மருத்துவரின் வேலையைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். இப்போது குறிப்பேட்டைப் பார்ப்பவரின் வேலையும் எழுதப்படுகிறது. சரிபார்க்க வருபவர் எல்லாவற்றையும் பார்க்கட்டும், ஆனால் அவர் பார்த்ததற்கும் கணக்கு இருக்கட்டும் என்னும் இந்த ஏற்பாட்டைவிட நல்ல சமரசம் ஒன்றை நான் அறியேன்.

எஞ்சியிருப்பவர் நோயாளி. அவர் தம் குறிப்பேட்டைப் பார்க்கலாமா? 2010-இல் பாஸ்டனின் மற்றொரு மருத்துவமனையான பெத் இஸ்ரேல் டீக்கனஸும், பென்சில்வேனியாவிலும் சியாட்டிலிலும் இருந்த இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பரீட்சை செய்தன. 105 மருத்துவர்கள் தாம் எழுதும் குறிப்பை நோயாளிகளே கணினியில் படிக்கும்படி திறந்துவிட்டனர். நோயாளி குழம்புவார், அஞ்சுவார், சண்டைக்கு வருவார் என்றெல்லாம் முன்கூட்டியே பயந்தவர் பலர். 2012-இல் முடிவு வெளிவந்தபோது, குழப்பமோ கவலையோ மனவருத்தமோ அடைந்ததாகச் சொன்னவர்கள் இடத்துக்கு இடம் நூற்றுக்கு ஒருவர் முதல் எட்டுப்பேர் வரையில்தான். பரீட்சை முடிந்தபின் நிறுத்திவிடுகிறேன் என்று சொன்ன மருத்துவர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தரங்கத்தைப் பற்றிய கவலை தமக்கு உண்டு என்று நூற்றுக்கு 26 முதல் 36 பேர் வரையில் சொன்னார்கள். 2021 ஏப்ரல் முதல், சில விலக்குகள் நீங்கலாக, நோயாளிக்கு அவருடைய மின்குறிப்பேட்டைத் தடையின்றிக் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்க நாடு முழுவதற்கும் விதியாகிவிட்டது.

இனி ஒன்று மீதமுண்டு. தம் குறிப்பேட்டை இதுவரை திறந்து பார்த்தவர்கள் அனைவரின் பட்டியலையும் நோயாளி கேட்டுப் பெறலாமா? பெறலாம் என்று 2011 மே மாதத்தில் சுகாதாரத் துறை ஒரு விதியை முன்மொழிந்தது. மருத்துவமனைகள் எதிர்த்தன. வேலைப் பளு தாங்காது, செலவு மிகும், ஊழியர் பெயர் வெளியாவது அவர்களுக்கு ஆபத்து என்றன. கடைசிக் காரணத்தில் எனக்கும் அனுதாபம் உண்டு. சினங்கொண்ட ஒருவர் கையில் தாதிமாரின் பெயர்ப் பட்டியல் கிடைப்பது விளையாட்டல்ல. முதல் இரண்டு காரணங்களையும் காட்மனிடம் சொல்லியிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 2018 டிசம்பரில், அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற எண்ணியிருப்பதாகத் துறையே அறிவித்தது. கணினிகள் நாள்தோறும் அப்பட்டியலை எழுதிவருகின்றன. மருத்துவமனையின் தணிக்கையாளர் அதைப் பார்க்கிறார், அரசாங்கத்தின் தணிக்கையாளர் கேட்டால் அவருக்கும் அது கொடுக்கப்படுகிறது.